பரிதி மச்சானின் சாமிலும் புளியமரத்து ஆணிகளும்

என் அக்காள் கணவர் பரிதி செய்த மிஷின்களில் இதுவரை யாரையும் காயப்படுத்தாதது ஒன்றே ஒன்றுதான். தேங்காய் மட்டை உரிக்கும் மிஷின். அது ஒரு நாளும் ஓடவில்லை.

மற்றவை ஓடின. பழைய கிரைண்டர் மோட்டாரை வைத்து அவர் கட்டிய இழைப்பு மிஷின், இழைக்கக் கொடுத்த பலகையைப் பிடுங்கி எறிந்து, கொடுத்தவரின் முட்டியைப் பெயர்த்தது. வாழைத்தண்டு நறுக்க ஒன்று செய்தார். அது நறுக்கிய துண்டுகளை, நறுக்கியவரின் விரல் நகத்தோடு சேர்த்து, பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேல் அனுப்பியது. எல்லாவற்றுக்கும் அவர் 'மாடல்' என்று பெயர் வைப்பார். "இது ரெண்டாவது மாடல் மாப்ள" என்று சொன்னால், முதலாவது யார் மீதோ உடைந்துவிட்டது என்று நான் புரிந்துகொள்வேன்.

பேராவூரணிக்குத் தெற்கே கடல் பக்கம் போகும் சாலையில், தென்னந்தோப்பு ஓரமாக அவருடைய கொட்டகை இருக்கிறது. முகப்பில் ஒரு தகரத்தில் 'பரிதி இன்டஸ்ட்ரீஸ்' என்று எழுதியிருக்கும். கொட்டகைக்குள் இருப்பதெல்லாம் யாரோ எங்கோ வேண்டாம் என்று போட்டவை. இடித்த டூரிங் தியேட்டரின் ஆங்கிள் இரும்பு, உப்பேறிய கிணற்றில் கிடந்த டீசல் என்ஜின், அறுவடை மிஷினிலிருந்து கழற்றிய பேரிங், கலியாண மண்டபத்து ஒலிபெருக்கியின் காந்தம். இரும்புக் கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் பரவசத்தைத் தன் பிள்ளைகளைத் தூக்கும்போதுகூட நான் பார்த்ததில்லை.

அவர் எதையும் அளப்பதில்லை. டேப் வைத்திருப்பவனைக் கண்டால் சிரிப்பார். ஒற்றைக் கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, "சரியா இருக்கு" என்பார். சரியாக இருக்காது.

கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, பெரிய மில்காரர்கள் தென்னையை அறுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தென்னையின் மேல்வைரம், பட்டையை ஒட்டிய அந்த இறுகிய கட்டை, பிளேடின் பல்லைத் தின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் மரம் அறுக்கும் சாமில் ஒன்றைச் சொந்தமாகக் கட்டினார். பழைய கார் சக்கரங்கள் இரண்டு, டயரோடு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அவற்றைச் சுற்றி பெல்ட் மாதிரி ஓடும் பட்டை பிளேடு. கீழே தியேட்டர் இரும்பில் தண்டவாளம். அதன்மேல் மரத்தைச் சுமந்து போகும் தள்ளுவண்டி. இந்தப் பக்கம் நிற்பவர் லிவரைப் பிடித்து வண்டியைத் தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பவர் அறுபட்டு வரும் பலகையை வாங்கி இழுக்க வேண்டும்.

லிவரைப் பிடிப்பவர் மச்சான். எதிர்ப்பக்கம் நிற்பவள் என் அக்காள் அமிர்தம்.

அந்த மில்லில் அறுத்த பலகை ஒரு முனையில் ஒரு அங்குலமும் மறுமுனையில் ஒன்றரை அங்குலமுமாக வரும். ஆட்டுக்கொட்டகைக்கும் மாட்டுத் தீனித்தொட்டிக்கும் அது போதும் என்பதால் ஊரார் வந்தார்கள். அதை அவர் தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

சக்கரங்களுக்கு மூடி கிடையாது. பிளேடு அறுந்தால் மேல்சக்கரம் அதைச் சுழற்றி எதிர்ப்பக்கமாக வீசும். ஆறு வருடத்தில் இரண்டு முறை அறுந்தது. ஒரு முறை கூரைத் தகரத்தைக் கிழித்தது. இன்னொரு முறை அக்காவின் முந்தானையைக் கிழித்தது. நான் வெளிநாட்டிலிருந்து வாரம் தவறாமல் போனில் இதையே கேட்பேன்.

"மச்சான், மேல்சக்கரத்துக்கு மட்டுமாச்சும் ஒரு மூடி போடுங்க."

"மூடி போட்டா பிளேடு எப்படி ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் இந்த டிசைனுக்கு ஆகாது மாப்ள. செய்யவே முடியாது."

"அக்கா அந்தப் பக்கம் நிக்குதே."

"அவளுக்குப் பழக்கம். நீ அங்க ஏசில உக்காந்துகிட்டு இங்க இருக்குற மிஷினுக்கு வைத்தியம் பார்க்காத."

போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடாது. அக்காள் வாட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பார்த்திருந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம்.

போன ஆடி மாதம் விடுமுறைக்குப் போயிருந்தபோதுதான் அந்தப் புளியமரம் வந்தது. சாலையை அகலப்படுத்த வெட்டிச் சாய்த்த மரம். ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்ற பெரிய மரம், எல்லோருக்கும் தெரியும். பேய் பிடித்தது என்று சொல்லப்பட்டவர்களை அங்கேதான் கொண்டுபோவார்கள். பூசாரி உடுக்கை அடித்து, உச்சிமுடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி, மரத்தில் வைத்து அறைவார். ஆணியோடு பேயும் மரத்தில் நின்றுவிடும் என்பது ஏற்பாடு. இரண்டு மூன்று தலைமுறையாக அறைந்திருக்கிறார்கள். அதனால் ஏலத்தில் அந்த மரத்தை ஒருவரும் கேட்கவில்லை. மச்சான் கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மச்சானின் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மச்சானும் அப்படியே. அக்காவின் கலியாணத்தில் ஐயர் இல்லை, நல்ல நேரம் பார்க்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். எனக்கும் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் பின்னால் நடந்தது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஒரு நல்ல கொள்கையை இவ்வளவு மட்டமான புத்தி கொண்டவர் சுமந்துகொண்டு திரிந்திருக்க வேண்டாம்.

அன்றைக்குக் காலையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேய் மரத்தை அறுக்கப்போவதாக டீக்கடையில் சொல்லிவைத்திருந்ததால் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். அடிமரம் வண்டிமேல் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தது. அப்போது குந்தவை அக்கா வந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர், அறுபது வயதைத் தாண்டியவர். நேராக மரத்தருகே போய், அடியிலிருந்து கையால் சாண் போட்டு அளந்து, ஓர் இடத்தில் விரலை வைத்தார். அங்கே கறுப்பாகக் கறை இருந்தது.

"தம்பி, இங்க ஒரு ஆணி இருக்கு. என்னோடது."

மச்சான் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? பேய் வந்து ஆட்சேபணை மனு குடுக்குது."

கூட்டம் சிரித்தது. குந்தவை அக்காவும் சிரித்தார்.

"பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பதினேழு வயசுல எனக்கு ஒரு மாப்ளையப் பாத்தாங்க. புடிக்கலைன்னேன். ரெண்டு நாள் சாப்புடாம கெடந்தேன். பேய் புடிச்சிருக்குன்னு இங்க கொண்டாந்து முடியப் புடிச்சு இழுத்து வச்சு அறைஞ்சாங்க. நாலு இஞ்சு ஆணி. மரம் பெருத்துருச்சு, ஆணி உள்ள போயிருச்சு. இதே மாதிரி இன்னும் எத்தனையோ கெடக்கு. பாத்து எடுத்துட்டு அறு."

"அக்கா, இந்த மூடநம்பிக்கைய ஒழிக்கிறதுக்குத்தான் அறுக்குறேன்."

"நம்பிக்கைய ஒழி. ஆணிய என்ன செய்வ?"

"ஆணிக்குப் பயந்து மிஷின நிறுத்துனா நாளைக்கு ஊர்ல என்ன சொல்வான்? பரிதி பேய்க்குப் பயந்துட்டான்ம்பான்."

"இரும்புக்குப் பயப்படுய்யா. பேய்க்கு யாரு பயப்படச் சொன்னா?"

"அந்தக் கறுப்பு ஆணி இல்ல, மரத்தோட வைரம். எனக்கு மரம் தெரியும்."

அக்காள் தூணில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிக் காந்தத்தை எடுத்து வந்து அந்தக் கறைமேல் வைத்தாள். கையை எடுத்தாள். காந்தம் மரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி காந்தத்தைப் பிடுங்கி மூலையில் எறிந்தார்.

"பூ வச்சுக் கும்புடுறதுக்கு வந்தியா, பலகை புடிக்க வந்தியா? போ அந்தப் பக்கம்."

அக்காள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு மொழியில் படித்தவன், பத்து வருடமாகப் பாதுகாப்பு விதிகளை எழுதும் கம்பெனியில் வேலை செய்பவன். "மச்சான், ஒரு நிமிஷம்..." என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் கைப்பிடியைச் சுற்றினார். என்ஜின் பிடித்தது. அக்காள் எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

முதல் மூன்றடி நன்றாகத்தான் அறுபட்டது. மச்சான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்போது மரத்துக்குள்ளிருந்து ஒரு கிறீச்சொலி, சிவப்பாகப் பொறி, அதன் பிறகு சாட்டை அடித்த மாதிரி ஒரு சத்தம். பிளேடு போன இடம் தெரியவில்லை. மேல்சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அக்காள் இடது முன்கையை வலது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கு இடையே ரத்தம் வந்தது.

என்ஜினை நிறுத்தியது குந்தவை அக்கா.

ஒன்பது தையல். எலும்பில் படவில்லை. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் கழுத்து என்று தையல் போட்டவர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒண்ணு கவனிச்சியா மாப்ள? பேய் இல்லைங்கிறது இன்னைக்கு நிரூபணமாயிருச்சு. வெறும் ஆணிதான்."

மறுநாள் காலையில் அந்த மரம் பாதி அறுபட்டபடி கிடந்தது. பிளந்த இடத்தில் ஆணி தெரிந்தது, பல் பட்ட இடம் மட்டும் பளபளப்பாக. அதைச் சுற்றிக் கறுப்பாக, நூல் மாதிரி, நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்திய முடி. மச்சான் உளியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு போனார். குனிந்தார். நிமிர்ந்தார். என்ஜினில் ஆயில் மாற்ற வேண்டும் என்றார். ஆயில் மாற்றினார். பிறகு தண்டவாளத்துக்கு கிரீஸ் போட வேண்டும் என்றார். அதையும் போட்டார். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

குந்தவை அக்கா கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, முடியத் தொடப் பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா? இது ஆரோக்கியமில்லக்கா. பழைய முடில கிருமி இருக்கும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மனிதர் மேடையில் மூடநம்பிக்கையை ஒழிப்பார். மிஷினால் ஒழிப்பார், பெண்டாட்டியை எதிரே நிறுத்திவைத்து ஒழிப்பார். முடி சுற்றிய ஓர் ஆணியைத் தன் விரலால் தொட்டு எடுக்க மட்டும் மாட்டார்.

அக்காள் கட்டுப்போட்ட கையோடு வந்தாள். மூலையில் கிடந்த காந்தத்தைத் தேடி எடுத்து, மரத்தின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். ஒட்டிய இடத்திலெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டாள். ஒற்றைக் கையால் அவள் உளியைப் பிடிக்க, குந்தவை அக்கா சுத்தியலால் அடித்தார். பகல் சாப்பாட்டுக்குள் பதினோரு ஆணிகள் வெளியே வந்தன. சிலவற்றில் முடி இருந்தது, சிலவற்றில் இல்லை. தன் ஆணியைக் குந்தவை அக்கா கையில் வைத்துப் பார்த்தார்.

"அந்த மாப்ளைக்கு வேற பொண்ணக் கட்டி வச்சாங்க. பாவம் அவ" என்று சொல்லிவிட்டு, பழைய இரும்புக் குவியலில் போட்டார்.

மச்சான் டீ குடித்துவிட்டு வந்து, குவியலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்தார். புது பிளேடு மாட்டினார். அதைச் சுறுசுறுப்பாகத்தான் செய்தார். "சரி அமிர்தம், கை சரியான பிறகு..." என்று ஆரம்பித்தார்.

"இப்பவே அறுப்போம்" என்றாள் அக்காள். "லிவர் புடிக்க ஒரு கை போதும். நான் இந்தப் பக்கம். நீங்க அந்தப் பக்கம்."

"நான் என்ஜின் சத்தத்தக் கவனிக்கணும்."

"அங்கயும் கேக்கும்ங்க. நல்லாவே கேக்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. லிவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். வாசலில் குந்தவை அக்கா நின்றார், நான் நின்றேன், டீக்கடையிலிருந்து மச்சான் பின்னாலேயே வந்த நான்கு பேர் நின்றார்கள். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பிறகு ஆறு வருடத்தில் முதல் தடவையாக எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

அந்த ஒரு மரம் அறுபட்டு முடியும்வரை அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. மேல்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளேடு சற்று முனகினாலும் தலை தோளுக்குள் போனது. இரண்டு பலகைகள் வாங்க ஆளில்லாமல் கீழே விழுந்தன. கறுப்புச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கொட்டகையில் சத்தம் கேட்டுப் போனேன். பழைய ஆயில் பேரல் ஒன்றை நெடுக வெட்டி, மேல்சக்கரத்துக்கு மூடியாக வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். டேப் வாங்கி வந்து அளந்திருந்தார். பிளேடு ஓடுவதைப் பார்க்கப் பக்கத்தில் சிறியதாக ஒரு கம்பிவலை ஜன்னல். பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. ஒழுங்காக, உறுதியாக, அவர் வாழ்நாளில் செய்த எல்லாவற்றையும்விட நன்றாக.

"பாத்தியா மாப்ள, சேஃப்டி ரொம்ப முக்கியம்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "மில் வச்சிருக்கவன் இதெல்லாம் யோசிக்கணும்."

நான் கீழே கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன்.

விடுமுறை முடிந்து கிளம்பும் அன்று அக்காவிடம் கேட்டேன். "மூடிதான் போட்டாச்சே. கை ஆறினதும் பழையபடி எதிர்ப்பக்கம் போயிடுவியாக்கா?"

அவள் லிவரில் ஒட்டியிருந்த மரத்தூளைப் புறங்கையால் தட்டிவிட்டாள்.

"நான் எதுக்குப் போறேன்? மூடி போட்டிருக்குல்ல, அவரே நிக்கட்டும்."