படத்துக்குச் சிங்காரித்த மரம்

காலை ஏழரைக்கு அஸ்தம்பட்டியில் நகரப் பேருந்து ஏறும்போதே எனக்கு எரிச்சல். ஏப்ரல் வெயில் அந்த நேரத்துக்கே முதுகைச் சுட்டது. போகிற வேலையும் பெரிதில்லை, ஒரு மரத்துக்குப் பெயர் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நாள்கணக்கில் முட்டிக்கொண்டு, முடியாமல்தான் கிளம்பியிருந்தேன்.

என் தங்கையின் நாத்தனார் சுமதிக்கு நாமக்கல் மோகனூர் சாலையில் கோழிப் பண்ணை. அதன் ஓரத்தில் தானாக முளைத்து வளர்ந்த மரம் ஒன்று. யாருக்கும் பெயர் தெரியவில்லை. புது ஷெட் போட இடம் பார்த்த அவள் கணவர் குமரேசன், பேர் தெரியாத மரம் விஷமாகக்கூட இருக்கும் என்று ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார். நாள் முழுக்கக் கோழிகளோடு கிடக்கும் சுமதிக்கு உட்கார்ந்து சாப்பிட அந்த ஒரு நிழல்தான். படித்தவர்கள் யாராவது நல்ல மரம் என்று சொன்னால் ஷெட்டை வேறு பக்கம் போடுவதாகக் கணவரிடம் வாக்கு வாங்கிவிட்டாள். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். விடுவாளா?

கைப்பேசியில் அவள் அனுப்பிய முதல் படத்தில் குடும்பமே பட்டுடுத்தி நின்றது. அவர்கள் தலைக்குப் பின்னால் பச்சையாக ஏதோ தெரிந்தது. இலையை மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெள்ளித் தட்டில் வந்தது இலை, தேங்காயெண்ணெய் தடவிப் பளபளவென்று. பக்கத்தில் இரண்டு செவ்வரளிப் பூ. அரளி எங்கிருந்து வந்தது என்றால், "வெறும் இலையா அனுப்புனா நல்லாவாங்கக்கா இருக்கும்?" என்கிறாள். பட்டையைக் கேட்டேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அனுப்பினாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமையாம். செடி கொடிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலி ஒன்று என் கைப்பேசியில் உண்டு. அது தட்டைப் பார்த்து அரளி என்றது. தலையில் அடித்துக்கொண்டேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மல்லூர் தாண்டியதும் படங்களை இன்னொரு முறை புரட்டினேன். பக்கத்து இருக்கை அம்மாள், விடுதியில் படிக்கும் மகனுக்கு முறுக்கு டப்பாவோடு போகிறவர், எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல எதுங்க பொண்ணு?"

"பொண்ணு இல்லீங்க. பின்னாடி இருக்கற மரத்தைப் பார்க்கப் போறேன்."

அவர் டப்பாவை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

நாமக்கல்லில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். இருநூறு ரூபாய். பெரிய மரம் நிற்கும் கோழிப் பண்ணை என்று அடையாளம் சொன்னேன். "மரத்தை வெச்சுப் பண்ணை தேடறவங்க நீங்கதானுங்க" என்றார் ஓட்டுநர். ஒரே மாதிரி நீளக் கொட்டகைகளாகப் பத்து கடந்த பின்புதான் சுமதி வாசலில் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

மரத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கையெட்டும் கிளை ஒன்றுகூட இல்லை. இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு, அதன் மேல் காவிப் பட்டை. அடியில் ஒரு சருகு இல்லாமல் கூட்டி, சாம்பிராணி வேறு புகைந்துகொண்டிருந்தது.

"என்ன சுமதி இது?"

"நீங்க பாக்க வர்றீங்கன்னு நேத்து ஆளு உட்டுக் கீழ இருந்த கிளையெல்லாம் கழிச்சனுங்கக்கா. இப்ப லட்சணமா இல்லீங்களா?"

"பூ, காய் ஏதாவது இருந்துச்சா?"

"வட்ட வட்டமா, காஞ்ச தாளாட்டம் என்னமோ கொட்டிக் கெடந்துதுங்க. அசிங்கமா இருக்குதுன்னு கூட்டி எரிச்சுப்போட்டனுங்க."

"அட சாமி! நான் என்ன பொண்ணு பார்க்கவா வந்தேன்?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

சத்தம் கேட்டுக் குமரேசன் வந்தார். "வாங்கக்கா. அந்த நாத்தத்தைப் பத்திச் சொன்னாளுங்களா? கிளை கழிச்சதுல இருந்து ஒரே வீச்சம். விஷ மரந்தானுங்க இது."

ஆயிரக்கணக்கான கோழிகளைப் பின்னால் வைத்துக்கொண்டு மனிதர் மரம் நாறுகிறது என்கிறார். வாயை அடக்கிக்கொண்டு, கழித்த கிளைகள் எங்கே என்று கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. சுமதியின் ஆடுகள் நேற்றிலிருந்து அதைத்தான் மென்றுகொண்டிருந்தனவாம். ஒரு ஆட்டின் வாயிலிருந்து கிளையைப் பிடுங்கி, இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். குடலைப் புரட்டியது. கிளையின் நுனியில், நடுவே விதையோடு தாள் போன்ற வட்டக் காய்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஆயா மரம்! சில ஊர்களில் தபசி என்பார்கள். எத்தனை வருஷம் மாணவிகளை மோந்து பார்க்கச் சொல்லி முகம் சுளிக்க வைத்திருக்கிறேன்!

"ஏண்டி, இலையைக் கசக்குனா நாறும்னு ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே பேரைச் சொல்லியிருப்பேனே!"

சுமதியின் கண் கலங்கிவிட்டது. "நாறுதுன்னு சொன்னா நீங்களும் வேண்டாம்னு சொல்லிப்போடுவீங்கன்னு பயந்துட்டனுங்கக்கா. குறையைச் சொல்லி யாராச்சும் படம் அனுப்புவாங்களா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

குமரேசனிடம் பெயரைச் சொன்னேன். விஷமில்லை, ஆடுகளே சாட்சி என்றேன். "கசக்கினாலும் வெட்டினாலும்தான் இது நாறும். சும்மா விட்டா நாறாது. நாலு கிளைக்கே இப்படின்னா, மரத்தையே சாய்ச்சுப் பாருங்க."

அவர் கிளைக் குவியலைப் பார்த்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், கைப்பேசியை எடுத்தார். "ஜேசிபி வேண்டாமுங்க. ஷெட்டைத் தெக்கால தள்ளிக்கறோம்."

சாப்பாடு அந்த மரத்தடியில்தான். கிளம்பும்போது சுமதி என்னை மரத்தோடு நிறுத்திப் படமெடுக்க வந்தாள். வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல், "வெறுந்தலையோட நின்னா நல்லாவாங்கக்கா இருக்கும்?" என்று ஒரு முழம் மல்லிகையை என் தலையில் வைத்து, நெற்றி வேர்வையையும் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அஸ்தம்பட்டி வந்து எத்தனை சோப்புப் போட்டும் விரலில் அந்த நாற்றம் போகவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். அப்போது சுமதியிடமிருந்து படம் வந்தது. நானும் மரமும் பக்கத்தில் பக்கத்தில், அவ்வளவு லட்சணமாக நின்றோம். இரண்டு பேர் மேலும் அடித்த நாற்றம் படத்தில் கொஞ்சமும் தெரியவில்லை.