அலாரத்தை அணைத்தவள்

அலாரத்தை அணைத்தது நான்தான். சலீம் அண்ணன் இல்லை!

சொல்லவேண்டியவர்களிடம் சொல்லத் துணிவில்லாமல் உங்களிடம் வந்திருக்கிறேன்...

தென்துருவ ஆய்வுக் குழுவில் நான் வானிலைக் கருவிகளைக் கவனித்தவள். பனியை ஆராய்ந்தவர் வேறு, துளையிட்டவர் வேறு, மருத்துவர் வேறு, சமைத்தவர் வேறு. மின்சாரமும் குளிர்பெட்டியும் வாணியம்பாடி சலீம் அண்ணனின் பொறுப்பு. ஆனால் துளைக்கருவி ஆழத்தில் சிக்கி மோட்டாரும் நின்றுபோன அன்று, யார் என்ன படித்தவர் என்றா பார்த்தோம்? எல்லோரும் மாறி மாறிக் கையால் சுற்றித்தான் மேலே எடுத்தோம். சமையல்காரரின் உள்ளங்கை கிழிந்தது. மருத்துவர் கட்டுப்போட்டுவிட்டுத் தாமும் வந்து சுற்றினார்.

அப்படி எடுத்த பனித்தண்டுகள்! மனிதன் எழுதக் கற்பதற்கு முன்பு வீசிய காற்று, அவற்றுக்குள் குமிழ் குமிழாக அடைபட்டிருந்தது.

திரும்பும் கப்பல் வெப்பக் கடலைத் தொட்டபோது எனக்கு ஓர் ஆசை. பழம்பனியைத் தண்ணீரில் போட்டால் அந்தக் காற்று படபடவென வெடித்து வெளியேறும். அந்த ஓசையைப் பதிவுசெய்து எங்கள் மலையூரான ஜமுனாமரத்தூர்ப் பிள்ளைகளுக்குக் கேட்கவைக்க வேண்டும்! ஓர் உடைந்த துண்டுதானே... யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார்களே!

பனித்தண்டுகள் இருந்த குளிர்பெட்டியின் கதவைத் திறந்தால் கத்தும் என்று அலாரத்தை அணைத்தேன். துண்டை எடுத்தேன். கதவைத் தள்ளிவிட்டு ஓடினேன். தாழ் விழுந்ததா? பார்க்கவில்லை. அலாரத்தை மறுபடி போட்டேனா? அதுவும் இல்லை... அத்தனை அவசரம்!

காலையில் பெட்டியைச் சுற்றித் தண்ணீர். பனியை ஆராய வந்த மேடம் தரையில் உட்கார்ந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழக்கூட இல்லை.

"அலாரம் யார் பொறுப்பு?" என்றார் தலைவர்.

எல்லோரும் சலீம் அண்ணனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்... நானும்!

அடுத்த பயணத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அவருக்கு இல்லை. சென்ற ஞாயிறு, என்னை வாழ்த்துவதற்காக மலைக்குப் பஸ் ஏறி வந்தார்.

"இன்னாம்மா, மறுபடி கெளம்பிட்டியா? பென்குயினுங்கள நான் வெசாரிச்சேன்னு சொல்லு!"

"நீங்க இன்னாண்ணே பண்றீங்க?"

"வூட்டாண்டயே மோட்டாருக்குக் காயில் கட்டிக்கினு கெடக்குறேன்." சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லு. அந்த அலாரத்த நான் அணைச்சிருப்பேன்னு நீயும் நெனைக்கிறியா?"

"இல்லண்ணே."

அடுத்த சொல்லும் வந்திருக்க வேண்டும் அல்லவா? அதை நான் சொல்லவில்லை.

அவர் கண்கள் கலங்கின. "இது போதும்மா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தூக்கக் கலக்கத்துல நான்தான் அணைச்சிட்டனோன்னு. நீ ஒருத்தியாச்சும் நம்புறியே."

பஸ் மலை வளைவில் மறையும்வரை ஜன்னல் வழியே கையாட்டிக்கொண்டே போனார். நானும் கையாட்டினேன்.