முப்பது பாகைத் தண்ணீர்

கனடாவில் இருக்கும் அண்ணை மார்கழியில் பிள்ளைகளோடு வருகிறார் என்று, கோப்பாயில் எங்கள் காணிக்குள் நீச்சல் தொட்டி கட்டினோம். அதைச் சூடாக்கும் பொறுப்பு என்னுடையது. வீட்டு மெஷின்களைத் தானாக இயக்க இணையத்தில் யாரோ எழுதி வைத்திருந்த டெம்பிளேட் ஒன்றை எடுத்து, வெயில் ஏறினால் சூரிய மின்சாரத்தில் ஹீட்டர் ஓடவும், முப்பது பாகை வந்ததும் நிற்கவும், ஒலிபெருக்கி அறிவிக்கவும் மாற்றினேன். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சரிவந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொட்டியை நிரப்பிய தண்ணீர் எங்களுடையது மட்டுமல்ல. கிணற்றில் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் பங்கு. இறைக்க நாள் முறை உண்டு. தன் முறைகளில் இரண்டை எங்களுக்கு விட்டுத்தந்து, தன் வெங்காயத்தை வாட விட்டிருந்தார் அவர்.

அண்ணை வருவதற்கு முதல்நாள் காலை, அக்கா தோட்டத்திலிருந்து நேரே வந்தார். காலெல்லாம் செம்மண்.

"தம்பி, உந்தத் தண்ணி சூடாமெல்லே? குளிருக்கு முழங்கால் உளைஞ்சு கொல்லுது. ஒருக்கால் காலை வைச்சுக்கொண்டு இருக்கட்டோ?"

செம்மண்ணைப் பார்த்தேன். தொட்டியின் நீலத் தரையைப் பார்த்தேன்.

"மெஷின் பழுதக்கா. தண்ணி சில்லெண்டு கிடக்குது. திருத்தினாப் பிறகு சொல்லுறன்" என்றேன். பொய் அவ்வளவு லேசாக வந்தது.

"அப்பிடியோ" என்று அவர் வாசற் படலைப் பக்கம் திரும்பியபோது, சுவரிலிருந்த ஒலிபெருக்கி பேசியது: "தண்ணீர் முப்பது பாகை. குளிக்க வரலாம்."

நான் எழுதிய வரி அது. எண் மட்டும் தானாக வந்து உட்காரும்.

அக்கா நின்றார். இரண்டு பேச்சுப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "சின்னனுகள் வந்து குளிக்கட்டும் தம்பி. என்ரை காலெல்லாம் மண்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

அன்று பின்னேரம் போய்க் கூப்பிட்டேன். "இப்ப கால் நோ இல்லைத் தம்பி" என்றார், முழங்காலைத் தேய்த்தபடியே. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்காமல் திரும்பினேன்.

அண்ணையின் பிள்ளைகள் ஒரு கிழமை குதித்ததில் தொட்டி பாதியாய்ப் போனது. தண்ணீர் குறைவு என்று போன் அறிவித்த நாள் அக்காவின் முறை. போய்க் கேட்க எனக்கு முகமில்லை. தொட்டி வற்றியதை வேலிக்கு மேலால் அவரும் பார்த்திருக்கவேண்டும். ஜன்னலால் கண்டேன்: வெங்காயப் பாத்திக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த குழாயை எடுத்து, நொண்டி நொண்டி எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார்.

ஒரு கை பிடிக்கக்கூட நான் வெளியே போகவில்லை.