தவமணி அக்காவும் பூட்டிய கல்பாலமும்

தவமணி அக்கா காலமான செய்தி வந்தபோது நகரக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து நாற்பது நிமிடமாகக் காத்துக்கொண்டிருந்தேன். பூங்காவின் கல்பாலத்தைப் பற்றித்தான் கேட்க இருந்தேன். அவருடைய மகளின் குறுஞ்செய்தியை வாசித்தும் நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. துண்டித்திருந்தால் அக்காவே திட்டியிருப்பார்.

எங்கள் பூங்கா ஒருகாலத்தில் ஒரு பிரபுவின் தோட்டம். அவர் குதிரை வண்டியில் உலாவக் கட்டிய பாலம் அது. இப்போது ஒரு கரையில் எங்கள் அடுக்குமாடி. மறுகரையில் பஸ் நிறுத்தமும் மருத்துவரும். கல் தளர்ந்துவிட்டதென்று கவுன்சில் வேலியடைத்து இரண்டு வருடமாகிறது. ஒரு கல்லைக்கூட எவரும் தொடவில்லை. சுற்றிப்போக அரை மணி நேரம். முதியோர் பராமரிப்பு வேலைக்கு அக்கா தினமும் அப்படித்தான் நடந்தார்.

ஒரு சனிக்கிழமை படப்பிடிப்புக்காக வேலியைத் திறந்து பாலத்தில் குதிரை வண்டி ஓட்டினார்கள். அக்காவும் கடக்கப் போனார். காவலுக்கு நின்றவர் தமிழர், நம்மவர்தான்.

"அக்கா, உங்களை விட்டால் என்ர வேலை போயிடும்."

"குதிரையை விட்டதுக்குப் போகேல்லையோ?"

அன்று தொடங்கியதுதான், பாலத்தைத் திருத்தித் திறக்கச் சொல்லும் மனு. வாங்கிய கையெழுத்துகளைக் கவுன்சில் திருப்பியனுப்பியது: பல பெயர்கள் ஒரே கையால் எழுதப்பட்டவை, செல்லாது. உண்மைதான். எங்கள் வீடுகளில் ஒருவர் பேனா எடுத்தால் மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லோருக்கும் சேர்த்தே போட்டுவிடுவார். நானும் அம்மாவுக்குப் போட்டிருந்தேன். கோபத்தில் கவுன்சிலைக் கண்டித்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அக்கா அதைக் கையில் வாங்கவே இல்லை.

"கொம்மாவுக்குக் கை இல்லையோ? அவவைக் கூப்பிடும்."

அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் பெயரைத் தானே எழுதினார்.

பிறகு அக்கா ஷிப்ட் முடிந்துவந்து ஒவ்வொரு மாடியாக மறுபடி ஏறினார். முழங்கால் வீங்கியிருந்தது. "விசரே அக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். "நீர் கோவப்படும் தம்பி, நான் ஏறுறன்," என்றார்.

நெஞ்சு நோகிறதென்று மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வேலையால் வந்தபிறகு மருத்துவரிடம் மறுபடி அவ்வளவு தூரம் சுற்றிப்போக ஏலாது, லீவு நாளில் பார்ப்போம் என்றாராம். லீவு நாளுக்கு முதல் நாள் போய்விட்டார். பாலம் திறந்திருந்தால் ஐந்து நிமிட நடை. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் பாலத்துக்கு அவர் பெயரை வைக்கவேண்டும் என்றார் ஒருவர். முதலில் அதில் ஆட்கள் நடக்கட்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கையெழுத்துத் தாள்கள். ஏழாம் மாடியோடு நிற்கின்றன. எட்டாம் மாடிக்காரரே, இன்று மாலை வருகிறேன். வீட்டிலுள்ள எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிடுங்கள். அவரவர் கையால் போடுங்கள்.