சிவப்பைக் கண்டால் எழும்பும் விமானம்

காத்தாயிக்கு வெள்ளைக்கொடி வேலை கிடைத்ததற்குக் காரணம், அவள் ஓடவில்லை என்பதுதான்.

எழுபதுகளின் தொடக்கம். நாகூருக்கு மேற்கே வெட்டாற்றங்கரை ஊர்களில் அந்த வருஷம் சம்பா முழுக்கக் குருத்துப்பூச்சி. விமானத்தில் மருந்து தெளிக்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. பம்பாய்க் கம்பெனி ஒன்று சின்ன மஞ்சள் விமானத்தையும் அதை ஓட்ட ஒரு ஜெர்மன்காரரையும் அனுப்பிவைத்தது. பெயர் ஹெல்முட். ஊர் அவரை எல்லமுத்து ஆக்கிக்கொண்டது.

உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையில் இருந்து குண்டு போட்டவர் அவர் என்று தெளிப்பு வேலையைக் கவனித்த கிராமசேவக் ரெத்தினம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். விளைவு, ஒத்திகை நாளில் தெரிந்தது. வயல் முனையில் கொடி பிடிக்க நிறுத்தப்பட்ட ஆண்கள், விமானம் தாழ்ந்து வந்ததும் கொடியை எறிந்துவிட்டுச் சேற்றில் குப்புற விழுந்தார்கள். பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த காத்தாயி வந்து ஒரு கொடியை எடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பயமாக இல்லையா என்று ரெத்தினம் கேட்டார்.

"பண்ணை வீடு அவ்வளவு பெருசா நிக்கிறப்ப, என் தலையைத் தேடியா சார் போடப்போறாரு?"

அன்றே அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். விதி எளிமையானது. வெள்ளைக்கொடி தெரிந்தால் அங்கிருந்து மருந்து விழும். சிவப்பு தெரிந்தால் வயலில் ஆள் இருக்கிறது என்று பொருள். விமானம் மேலே ஏறிவிடும்.

அவளுடைய புருஷன் பக்கிரி விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன். கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி சங்கம் அப்போது பண்ணையார் அரசப்பனோடு மல்லுக்கு நின்றது. பேச்சு முறிந்ததும் பண்ணை வயல் நெடுகச் சிவப்புக் கொடிகளை நட்டுவிட்டார்கள். இனி யாரும் இறங்கக் கூடாது. கொடி பிடிப்பது அரசாங்க வேலை என்பதால் காத்தாயியை மட்டும் சங்கம் தடுக்கவில்லை.

மறுநாள் பண்ணை வயலுக்கு மருந்து முறை. கொடிகளைப் பார்த்த காத்தாயி ரெத்தினத்திடம் போய், விமானம் இங்கே மருந்து விடாது என்று சொன்னாள். அவர் பண்ணையாரிடம் சொன்னார். சிவப்புக் கொடிக்கெல்லாம் இங்கே யாரும் பயப்படுவதில்லை என்று பண்ணையார் சிரித்தார்.

விமானம் வந்தது. தாழ்ந்தது. விருட்டென்று எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் எழும்பியது. பிறகு பக்கத்தில் இருந்த ஐயாவுவின் துண்டு வயலுக்கு மட்டும் அழகாக மருந்து தெளித்துவிட்டுப் போய்விட்டது. ஐயாவு வரப்பிலிருந்தே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பண்ணையார் கொடிகளைப் பிடுங்க ஆள் தேடினார். ஒருவரும் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கிப் பிடுங்கினார். கடைசிக் கொடியைப் பிடுங்கி வரப்பில் எறிந்தபோது விமானச் சத்தம் கேட்டது. நடுவயலில் நின்றவர் சந்தோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். அண்மையில்தான் அவர் ஆளுங்கட்சிக்கு மாறியிருந்தார். துண்டு புத்தம் புதிது. கறுப்பும் சிவப்புமாக ஒரு சாண் அகலக் கரை.

விமானம் விருட்டென்று எழும்பியது.

பண்ணையார் சேற்றுக்காலோடு காரில் ஏறி, விமானம் இறங்கும் உப்புத்திடலுக்குப் போனார். "இவன் ஜெர்மன்காரனா, ரஷ்யாக்காரனா, கேளுங்க" என்று ரெத்தினத்தைப் பிடித்து உலுக்கினார். ரெத்தினம் இங்கிலீஷில் கேட்டார். ஹெல்முட் விமானத்தின் சக்கரத்தருகே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரஷ்யர்கள் தன்னைச் சுட்டு வீழ்த்தி, வருஷக்கணக்கில் சிறையில் வைத்திருந்ததைச் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. வெள்ளைக்கொடிகளோடு அங்கே வந்து நின்ற காத்தாயியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். ரெத்தினம் தமிழில் சொன்னார்:

"போர்ல கீழ யார் நிக்கிறாங்கன்னு கேக்காம போட்டேன். இப்ப ஆள் இருக்குன்னு தெரிஞ்சா போடமாட்டேன். அவ்வளவுதான்."

பண்ணையார் வயலுக்குத் திரும்பினார். பிடுங்கின இடத்திலெல்லாம் அதற்குள் புதுக்கொடிகள் முளைத்திருந்தன. குருத்துகள் வெளுத்துக்கொண்டே போயின. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பண்ணையார் சங்கத்தோடு பேசத் தாசில்தார் முன்னால் உட்கார்ந்தார். கேட்டது முழுதும் கிடைக்காவிட்டாலும் கூலி நெல் கூடியது. சங்கம் கொடியை இறக்கியது. காத்தாயி வெள்ளைக்கொடி பிடிக்க, பண்ணை வயலில் மருந்து விழுந்தது.

ஹெல்முட் ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று தாசில்தார், பண்ணையார், பக்கிரி எல்லோரும் உப்புத்திடலுக்கு மாலையோடு வந்தார்கள். விமானத்தில் ஒரே இருக்கை. பறக்கக் கூட்டிப்போக முடியாது, உட்கார்ந்தாவது பார் என்று ஹெல்முட் காத்தாயியை ஏற்றிவிட்டார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே ஒரு கைப்பிடி இருந்தது. இழுத்தாள். தொட்டியைக் கழுவ ஊற்றியிருந்த தண்ணீர் குழாய்களின் வழியே பீறிட்டுப் பின்னால் நின்றவர்கள் எல்லோரையும் குளிப்பாட்டியது.

தாசில்தார் கண்ணாடியைத் துடைத்தார். பண்ணையாரின் சட்டையில் துண்டுச் சாயம் இறங்கியது. பக்கிரி வாயைப் பொத்திக்கொண்டான்.

காத்தாயி எட்டிப் பார்த்தாள். "கீழ ஆள் நிக்கிதுன்னு யாரும் சொல்லலையே, சார்" என்றாள்.

பின்னாளில் அவள் ஊராட்சி உறுப்பினர் ஆனாள். அவள் ஓட்டுக் கேட்டுப் போனபோது எதிர்க்கட்சிக்காரர்கள்கூட இந்தக் கதையைச் சொல்லச் சொல்லித்தான் உட்காரவைத்தார்கள்.