டைனமோவில் ஓடிய கசற்

சைக்கிள் கடையில் இன்று டைனமோவில் உரசிச் சூடேறிய ரப்பர் மணத்தது. மின்சாரமில்லாத புங்குடுதீவில், கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்னில் ரேடியோவை ஓட்டி, ஓர் ஆங்கில ரொக் குழுவின் கச்சேரிகளைக் களவாகப் பதிந்த கசற்றுகளை நானும் வசந்தியும் ஒப்பிட்டுக் கேட்ட பின்னேரங்கள் திரும்பி வந்தன. ஜேர்மனியில் அவளுடைய அண்ணன் கோட்டுக்குள் ரெக்கோடரை ஒளித்துப் பதிந்து அனுப்பியதில், பாட்டுகளுக்கிடையே அவருடைய இருமலும் கேட்கும். ஒருநாள் அவள் கண்மூடிக் கேட்டிருக்க, எனக்குக் கை உளைந்து சுற்று மந்தமானது, பாட்டும் இழுபட்டது.

"உம்மட கசற் பழுது," என்றேன்.

"ஓம், அண்ணைக்குப் பதியத் தெரியேல்லை," என்றவள் நாடாவை உருவிக் கத்தரித் தோட்டத்தில் காகம் கலைக்கக் கட்டினாள்.

அண்ணன் இறந்த செய்தி வந்ததும் அந்த நாடாவை அவிழ்த்துப் பென்சிலால் கசற்றுக்குள் திரும்பச் சுற்றினாள். மறுமுனையைப் பிடித்திருந்த நான், பிழை கசற்றில் இல்லை, என்ர கையில்தான் என்று அப்போதும் சொல்லவில்லை.