லில்லியின் பெயர் எனக்கு வந்த கிறிஸ்மஸ்

காணிக்கைப் பைக்குள் கையை விட்டால் பட்டுத்துணி வழுவழுவென்று இருக்கும், அடியில் பழைய நாணய வாடை அடிக்கும், நடுவே பீடி போலச் சுருட்டிய காகிதத் துண்டுகள் விரலில் இடறும். டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று அந்தப் பையில் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். அதில் வேறொரு பிள்ளையின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை யாரிடமும் சொல்லக்கூடாது. கிறிஸ்மஸ் வரை காலையும் மாலையும் தனியாக இருந்து அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்க வேண்டும், கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்த பிறகு அந்தப் பிள்ளையிடம் போய் "உனக்க பேரு எனக்காக்கும் வந்தது" என்று சொல்லிக் கைகொடுக்க வேண்டும். ‘ஜெபச் சீட்டு’ என்று அதற்குப் பெயர். கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் தலைநிமிர்ந்து செய்யக்கூடிய ஒரு காரியம் எங்கள் கோயிலில் அது ஒன்றுதான் இருந்தது.

எனக்குப் பதினொரு வயதானபோது அதைக் கெடுத்தார்கள். கெடுத்தார்கள் என்றுதான் சொல்லுவேன், எவருக்கு வருத்தம் வந்தாலும் சரி. அந்த வருடம் புதிதாக மாறி வந்த போதகரின் மனைவி, நாங்கள் ‘கொச்சம்மா’ என்று அழைப்பவர், பட்டணத்துச் சபைகளில் எல்லாம் இப்போது ‘கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்’ என்று பரிசும் கொடுக்கிறார்கள், இங்கும் அப்படியே இருக்கட்டும், கலர் பேப்பரில் பொதிந்து கொண்டுவந்து எல்லோர் முன்னிலும் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினோம். நானும் தட்டினேன். பிறகுதான் சீட்டைப் பிரித்தேன். லில்லி என்று எழுதியிருந்தது.

லில்லியும் நானும் ஒரே வகுப்பு. அவளுடைய அம்மா அப்போது திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி, ஆப்பரேஷன் வேண்டும் என்று ஊர் முழுவதும் தெரியும். லில்லி சித்தி வீட்டில் நின்று பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவள் யாரோடும் சேர்ந்து சிரித்து நான் பார்க்கவில்லை. ஜெபம் தேவைப்பட்ட ஒரு பிள்ளையின் பெயர் அந்தப் பைக்குள் இருந்தது என்றால் அது அவள் பெயர்தான். ஆனால் எனக்கு அன்று வந்த முதல் கவலை வேறு. இவளுக்கு நான் என்ன கொடுப்பேன்?

வீட்டில் கேட்க முடியாது. என் அப்பா கொத்தனார், சபைக் கமிட்டியிலும் இருந்தார், கோபம் வந்தால் பலிபீடத்துக்கு முன்னால் நின்றும் சத்தம் போடுவார். பரிசுச் செய்தி காதில் விழுந்த அன்றே சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்தினார். "சாஸ்திரிமாரு பொன்னும் தூபவர்க்கமும் கொண்டுபோய் ஆருக்குக் குடுத்தாவ? தொழுவத்துல கிடந்த பிள்ளைக்காக்கும் குடுத்தாவ! ஒருத்தனுக்கு ஒருத்தன் மாத்திக்கிட்டா இருந்தாவ? உள்ளவன் உள்ளவனுக்கு குடுக்கதுக்கு இயேசு பொறக்கணுமா?"

"பைய பேசுங்க, கொச்சம்மாவுக்குக் கேக்கும்" என்றாள் அம்மா.

"கேக்கட்டும். அதுக்குத்தானே சொல்லுதேன்."

அப்பா சொன்னதில் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை வெறுங்கையோடு அந்தக் கூட்டத்தில் போய் நிற்பது எப்படியிருக்கும் என்று அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பெரியவர்களின் சண்டையில் நியாயம் யாரிடம் இருந்தாலும் தலைகுனிவது பிள்ளைதான்.

எனக்கென்று வீட்டில் இருந்தது ஒரே ஒரு பொருள். முந்திய வருடம் வேதவசனம் ஒப்புவித்ததற்கு முதல் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர். அதைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் பாத்திரக்கடையில் அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக என் பெயரைக் கொத்தியிருந்தார்கள்: ஸ்டெல்லா. அந்தப் பெயர் போக வேண்டும்.

அன்று முதல் தினமும் சாயங்காலம், சீட்டுக்காரிக்காகத் தனியாக ஜெபிக்க வேண்டிய அந்த நேரத்தில், கிணற்றடியில் துணி அலக்கும் கல்லின் பின்னால் குந்தியிருந்து டம்ளரைத் தேய்த்தேன். முதலில் சாம்பல், பிறகு மணல், பிறகு செங்கல் துண்டு. கொத்திய புள்ளி அப்படி எளிதில் போகுமா? சுற்றிலும் கீறல் விழுந்து அந்த இடம் மட்டும் மங்கியது, நடுவில் ‘ல்லா’ மட்டும் பிடிவாதமாக நின்றது. பகலில் பள்ளிக்கூடத்தில் லில்லியைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பையன்கள் அந்த எழுத்தைப் பார்த்து என்ன சொல்லிச் சிரிப்பார்கள், அப்பா கண்டால் என்ன செய்வார், இதே நினைப்பு. ஒருநாள் அம்மா பின்னால் வந்து நின்றாள். டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பன் காணாம செய் பிள்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெபித்தேனா என்று கேட்டால், ஜெபித்தேன். ஆண்டவரே இந்த எழுத்து போகவேண்டும் என்று ஜெபித்தேன். லில்லியின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு நாள், ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. மறந்துபோனேன். அதுதான் உண்மை.

கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து ஓய்வுநாள் பள்ளி அறையில் எல்லோரும் கூடினோம். காகிதம் கிழியும் சத்தம். ஒரு பையனுக்கு சோப்பு டப்பா வந்தது. "எலே, குளிக்காம வாறான்னு ஆண்டவருக்கே தெரிஞ்சு போச்சு" என்று மற்றவன் சொல்ல, அறை முழுவதும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, உள்ளங்கை வியர்த்துப் பொதியின் சிவப்புச் சாயம் விரலில் ஒட்டியது. லில்லியின் பக்கத்தில் போய், "உனக்க பேரு எனக்காக்கும் வந்தது" என்று நீட்டினேன்.

அவள் வாங்கினாள். பிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"நீ ஜெபிச்சியா?"

"ஓ" என்று தலையாட்டினேன்.

"தெனமுமா? அம்மைக்கும் சேத்தா?"

"தெனமும். ரெண்டு நேரமும்."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நாலு நாளுக்கு முன்னால் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம், அம்மா கஞ்சி குடிக்கிறாளாம். டம்ளரை அவள் அங்கே பிரிக்கவே இல்லை. மூன்று வாரம் நான் பயந்த பயமெல்லாம் வீண். பயப்பட வேண்டியது வேறொன்று என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

ஜனவரியில் லில்லியின் அம்மா, பாதி உடம்பாக, சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் நெற்றியில் முத்தமிட்டு, "உனக்க ஜெபமாக்கும் மக்கா என்னைய கொண்டுவந்தது" என்றாள். அப்பாவின் கண் கலங்கியதை முதன்முதலாக அன்று பார்த்தேன். அடுத்த கமிட்டியில் அவர் எழுந்து நின்று, "பரிசா அந்த உயிரைக் காப்பாத்திச்சு? எனக்க மக ஜெபமாக்கும் காப்பாத்திச்சு, கேட்டியளா?" என்று மேசையில் அடித்துப் பேசி, பரிசு கொடுக்கும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? என் பொய் அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது.

அதன்பின் போதகர்கள் மாறினார்கள், பரிசும் திரும்பி வந்தது. அப்பா காலமானார். லில்லி நெய்யாற்றின்கரையில் கல்யாணம் முடித்துப் போனாள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்மஸ் காலையும் ஆறு மணிக்கு முன்னால் என்னைப் போனில் விளிப்பாள். "அம்மைக்கு இன்னொரு வருஷம் கிடைச்சாச்சு, உனக்க புண்ணியம்" என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் "ஆண்டவருக்க கிருபை" என்று சொல்லி நழுவுவேன். டிசம்பர் பிறந்தாலே எனக்குத் தூக்கம் கெடும்.

இந்த முறை பரிசு வேண்டுமா வேண்டாமா என்று கமிட்டியில் மறுபடியும் தர்க்கம் வந்தது. நானும் இப்போது கமிட்டியில் இருக்கிறேன். இளைஞர்கள் வேண்டும் என்றார்கள். பழைய ஆள் ஒருவர் எழுந்து, "நம்ம ஸ்டெல்லா சின்னப்பிள்ளையில ஜெபிச்ச கதை தெரியுமாலே உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் ஜெபிக்கல்ல. பொய்யாக்கும் சொன்னேன். அதை வச்சு இனி ஒருத்தரும் பிரசங்கம் பண்ண வேண்டாம்" என்றேன். ஊர்வாய் போய்ச் சேருமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று வெளியே வந்து லில்லியை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், செங்கல் துண்டு வரைக்கும்.

அவள், "அப்போ எனக்க அம்மைக்கு ஆரு ஜெபிச்சது?" என்று கேட்டாள்.

"தெரியல்ல லில்லி."

"நான் உனக்க ஜெபம் உண்டுன்னு நினைச்சாக்கும் அந்தப் பிராயத்துல உறங்கினேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

தர்க்கத்தில் பரிசு ஜெயித்தது. இப்போது காணிக்கைப் பையும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், போனிலேயே பெயர் வந்துவிடுகிறது, பொருளும் கடைக்காரனே பொதிந்து வீட்டுக்கு அனுப்புகிறான். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நல்ல பொருள்களாகவே கொடுக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் வந்தவளுக்காக ஜெபித்தாயா என்று கேட்க அங்கே ஒரு பிள்ளையும் இல்லை.

இந்தக் கிறிஸ்மஸ் காலை ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி ஆனது. ஆறரை ஆனது. கோயில் மணி அடித்தது. போனைப் பையில் போட மனமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஆராதனைக்குப் போனேன்.